இருபத்திரண்டு கிராம்

நிலாவெளி உப்பளத்தில் இரவு ஒன்றரை.
மூங்கில்களுக்கிடையே வலை.
வலையின் கீழ்மடிப்பில் ஏதோ துடிக்கிறது.
நெற்றி விளக்கைத் தாழ்த்து என்கிறான் முஸம்மில்,
வெளிச்சம் பட்டால் அதன் இதயம் இன்னும் ஓடுமாம்.

புத்தகத்தில் இதன் பெயர் கொசு உள்ளான்.
நாங்கள் கொசுவை நுளம்பு என்கிறவர்கள்,
அதனால் இங்கே யாரும் இதை அப்படிக் கூப்பிட்டதில்லை.
தராசில் வைத்துப் பையின் எடையைக் கழித்தால்
இருபத்திரண்டு கிராம்.
மூன்று ஐந்து ரூபாக் குற்றிகள்.
அந்தக் காசுக்கு இப்போது ஒரு டொபி கிடைக்காது.
இது சைபீரியாவிலிருந்து வந்திருக்கிறது.

செட்டையின் உட்புறம் ஊதினேன்.
தூவி விலக, தோலடியில் நீலமாய் ஒரு நூல்.
ஊசி நுனி. ஒரு துளி.
கண்ணாடித் தகட்டில் இழுத்துக் காயவிட்டேன்.

பகலில் நான் பெரியாஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
டெங்குக்காரரின் இரத்தத்தை எண்ணுகிறவள்.
மனிதருடைய சிவப்பணுவின் நடுவில் வெறுமை.
பறவைக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கரு,
மாதுளை முத்துக்குள் விதைபோல.
அந்தக் கூட்டத்தில் வெள்ளணுவைத் தேடவேண்டும்,
திருவிழாவில் பொலிஸ்காரனைத் தேடுவதுபோல.

கடல்களைத் தாண்ட வேண்டிய உடம்பு
எதையாவது விற்றுத்தான் ஆகும்.
குடலைச் சுருக்கும். காவலரைக் குறைக்கும்.
தரை தொட்டதும் முதலில் தின்னும்,
பிறகு குடலைக் கட்டும்,
கடைசியில்தான் காவலுக்கு ஆள் கூப்பிடும்.
அதுவரை கதவு திறந்தபடி.

நேரத்துக்கு மழை வந்தால் பரவாயில்லை.
இந்த முறை ஐப்பசி முழுக்க வானம் காய்ந்து கிடந்தது.
பன்னிரண்டு பாத்தியில் ஒன்றில்தான் தண்ணீர்.
அதில்தான் உள்ளான், மண்கொத்தி, பவளக்காலி,
யாரோ வளர்க்கும் வாத்துகளும்.
ஒன்றின் எச்சத்தில் இன்னொன்றின் அலகு.

முஸம்மிலுக்குக் கிண்ணியாவில் ஒரு மச்சான்,
மச்சானுக்கு அறுநூறு இறைச்சிக்கோழி.
"எதுக்கு வருத்தம் எண்டு சொல்லுங்க,
அதை மட்டும் கலைச்சு விடுவம்."

காய்ச்சல்காரப் பறவை
உடம்பைப் பொம்மென்று ஊதி வரம்பில் குந்தியிருக்கும்.
உள்ளே சண்டை. பறக்க மிச்சமில்லை.
அதன் நோய் அநேகமாய் அந்த வரம்பைத் தாண்டாது.
அதோ, கொழுத்து, சுறுசுறுப்பாய்ச் சேறு கொத்துகிறதே,
அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.
கிருமிக்கு உள்ளே அறை கொடுத்துவிட்டு
சித்திரையில் எழும்பி வடக்கே போகும் உடம்பாய் இருக்கலாம்,
பெட்டியில் என்ன இருக்கிறதென்று அறியாத பயணி.

இது எனக்கு எப்படி விளங்கிற்று என்று
அவனிடம் சொல்லவில்லை.
என் விரல் மூட்டுகளில் என் காவலரே
முகாமடித்து மூன்று வருடம்.
எதிரி போய்விட்டதை யாரும் அவர்களுக்கு அறிவிக்கவில்லை.
விடிந்தால் என் எலும்பிடமே அடையாள அட்டை கேட்கிறார்கள்.
மட்டிக்களியில் பஸ்ஸை விட்டிறங்கி
வரிசையில் நடந்து மறுபடி ஏறிய ஊர்க்காரி நான்,
எனக்கு அந்தக் குரல் பழக்கம்.
ஆனால் அவர்களே இல்லாத ஒரு வாரம்
எப்படிப் போகும் என்பதையும்
டெங்கு வார்ட்டில் பார்த்திருக்கிறேன்.

இருபத்திரண்டு கிராமுக்கு எவ்வளவு காவல் போதும்?
தகட்டில் ஏழு என்று எழுதினேன். திங்கட்கிழமை தெரியும்.
தெரிவதும் இந்த ஒன்றைப் பற்றித்தான்,
இந்த ஒரு இரவைப் பற்றித்தான்.

முஸம்மில் குளோரின் வாளியில்
சப்பாத்தை மூன்றாம் தரமும் கழுவுகிறான்.
நான் பையின் வாயை அவிழ்த்தேன்.
உள்ளங்கையில் அது கொஞ்சநேரம் அப்படியே இருந்தது.
சுட்டது.
பறவைக்கு நாற்பத்தொரு பாகை சும்மா இருக்கும் சூடு,
எங்களுக்கு அது ஈரத்துணியும் சேலைனும்.
இதில் எவ்வளவு காய்ச்சல், எவ்வளவு உயிர்,
வீங்கிய விரல்களுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பறந்தது.
இருட்டில் அது எங்கே இறங்கியது என்று
பார்க்கத் தேவையில்லை.
தண்ணீர் ஒரு பாத்தியில்தான்.